கேட்டு வாங்கிய ஆண்பூ

துகுசாரியில் ருபியெம் மதித்த மனிதர்கள் யாரும் உயிரோடு இல்லை. உயிரோடு இருந்தவர்களில் அவள் வாயில் விழாதவர்களும் இல்லை. பூவைத் தொடத் தெரியாதவர்கள் ஒரு பக்கம். தொடத் தெரிந்தும் காலையில் எழுந்திருக்கத் துப்பில்லாதவர்கள் ஒரு பக்கம். பாளை தானாக வெடிக்கும்வரை பொறுக்காமல் நகத்தால் கிழித்துப் பார்க்கிற அவசரக்காரர்களை அவள் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவளுடைய கணவன் சுதர்மாஜி இவற்றில் எதிலும் அடங்கவில்லை. அவனை எங்கே வைப்பது என்பது அவளுக்கே விளங்காத விஷயம்.

மெராப்பி மலையின் தெற்குச் சரிவில் அவர்கள் ஊர். வாசலைத் தாண்டினால் சலாக் மரம்தான். மரம் என்று சொல்வது மரியாதைக்கு. தண்டு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தரையிலிருந்தே மட்டைகள் கிளம்பி ஆள் உயரத்துக்கு மேல் விரியும். மட்டை முழுக்க விரல் நீளத்துக்குக் கருமுள். பழம் அந்த முள்ளுக்குள்ளே, மட்டையின் கக்கத்தில், பாம்புத் தோலைப் போர்த்திக்கொண்டு குலை குலையாக உட்கார்ந்திருக்கும். பழத்துக்கு முன்னால் பூ. அங்கேதான் ஊரின் பிழைப்பே இருக்கிறது. சலாக்கில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண்பூவை வெட்டிக்கொண்டு போய்ப் பெண்பூவின் மேல் மனிதக் கையால் தட்ட வேண்டும். பெண்பூ சிவந்து விரிந்திருப்பது இரண்டு மூன்று நாள். அதற்குள் தாது விழாவிட்டால் கறுத்து அழுகி நாறும்.

ருபியெம் இந்தப் பூவை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவள் அல்ல. கல்யாணமான புதிதில், ஒரே மரத்தில் ஒரு குலை கொழுப்பதும் அடுத்த குலை சூம்புவதும் ஏன் என்று புரியாமல், சூம்பிய பூக்களைப் பறித்து வந்து அடுப்படியில் உட்கார்ந்து ஊசியால் பிரித்தாள். பலமுறை பிரித்தாள். பெண்பூவின் குழல் வெளியே வெளிறிய மஞ்சள், உள்ளே இரத்தச் சிவப்பு. அடியில் சின்னஞ்சிறு செதில் போர்த்திய சூல்பை. அதன் தலையில் மூன்றாகப் பிளந்த சூல்முடி. சூல்பையைக் குறுக்கே வெட்டினால் மூன்று அறை, அறைக்கு ஒரு சூல். பழத்தில் மூன்று சுளை வருவது அதனால்தான். மூன்று சூலுக்கும் தாது சேர்ந்தால் மூன்றும் பருக்கும். ஒன்றுக்குச் சேராவிட்டால் ஒரு சுளை தோலோடு ஒட்டிக்கொண்டு ஒப்புக்குக் கிடக்கும். சூல்பையைச் சுற்றி ஆறு மகரந்தத் தாள்கள் வேறு நிற்கும். நிற்பதோடு சரி, பொட்டுத் தாதுகூட அவற்றில் இருக்காது. ஆண்பூவிலோ நிலைமை தலைகீழ்: குழலின் வாயில் ஆறு தாள்களும் தாதுவைச் சுமந்து நிற்க, நடுவில் கொசுத் தலை அளவுக்குச் சூலகத்தின் மிச்சம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எதற்கும் உதவாது. அதைப் பார்த்த அன்றைக்கு ருபியெம் சுதர்மாஜியைக் கூப்பிட்டு ஊசி முனையில் காட்டி, "பாக்னே, உங்க சாயல்ல ஒண்ணு இருக்கு பாருங்க" என்றாளாம். பிள்ளையின் அப்பன் என்ற முறையில் அவனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அவன் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லையே என்றான். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றாள்.

அவளுடைய தோட்டத்துப் பழத்துக்குச் சந்தையில் பெயர் இருந்தது. வியாபாரி மற்றவர்களின் பழத்தை ஒன்றாகக் கொட்டிக் கலப்பான். அவளுடையதைத் தனிக் கூடையில் கட்டி, மேலே மூங்கில் பட்டையில் அவள் பெயரை எழுதிச் செருகுவான். ஜோக்ஜா நகரத்தில் அந்தப் பட்டையைப் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ருபியெம் தோட்டத்தின் வடமேற்கு மூலையைக் காட்டுவாள். அங்கே இரண்டு ஆண் மரங்கள் நின்றன. அவளுடைய அப்பா நல்ல வம்சமாகப் பார்த்துப் பக்கக்கன்று பிரித்து நட்டவை. அப்பன் எப்படியோ பழம் அப்படி என்பது அவள் கட்சி. அந்த இரண்டைத் தவிர வேறு ஆண்பூவின் தூள் அவள் தோட்டத்துப் பெண்பூமேல் விழுந்ததில்லை. காற்றில் விழுந்திருக்குமோ என்று யாராவது கேட்டால், என் தோட்டத்துக் காற்றுக்கு அவ்வளவு தைரியம் கிடையாது என்பாள்.

ஊரில் மற்றவர்களுக்கு இப்படி ஒரு கவலையும் இல்லை. அதற்குக் காரணம் மர்சூடி. பக்கக்கன்று வாங்க மனம் வராமல், தின்று துப்பிய கொட்டைகளைப் பொறுக்கி வந்து விதைத்து ஒரு தோட்டமே போட்டவன். சலாக்கில் கன்றைப் பார்த்து ஆணா பெண்ணா என்று எவனாலும் சொல்ல முடியாது. பூத்த பிறகுதான் குட்டு வெளிப்படும். நான்கு வருஷம் எருப் போட்டு, முள்ளில் கை கிழிந்து காத்திருந்தவனுக்குப் பூத்ததில் முக்கால்வாசியும் ஆண். ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. சிரித்து முடித்த பிறகு யோசித்தது. இத்தனை ஆண்பூ இவனிடம் இருக்கும்போது நாம் ஏன் காய்க்காத மரத்துக்கு இடமும் எருவும் கொடுக்க வேண்டும்? ஒவ்வொருவராகத் தங்கள் ஆண் மரங்களை வெட்டிவிட்டு அந்த இடத்தில் பெண் கன்றை நட்டார்கள். சில வருஷத்தில் ஊருக்கெல்லாம் ஆண்பூ மர்சூடி வீட்டில்தான் என்று ஆயிற்று. முட்டாள்தனத்தால் ஒருவன் பெரிய மனுஷன் ஆக முடியும் என்பதற்கு ருபியெம் அவனைத்தான் உதாரணம் காட்டுவாள்.

ஆண்பூவை அங்கே விற்பதில்லை. கேட்டால் கொடுக்க வேண்டும். இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் கேட்கிற முறை உண்டு. பூவைத் தட்டப்போகிற கை எவருடையதோ, அவரே வாசலில் வந்து உட்கார்ந்து, கொடுக்கிற தேநீரைக் குடித்து, வாய் திறந்து கேட்க வேண்டும். தோட்டக்காரன் தன் கையால் வெட்டித் தருவான். நன்றி என்று ஒரு சொல் கிடையாது. பழம் வந்ததும் முதல் குலையைக் கொண்டுபோய் அவன் வாசலில் வைத்து, அவன் ஒரு பழம் தின்னும்வரை இருந்துவிட்டு வர வேண்டும்.

பெண்களின் மாதச் சீட்டு சர்ஜீனா வீட்டில் நடந்த ஒரு நாள் இந்தப் பேச்சு வந்தது. சர்ஜீனா பக்கத்துத் தோட்டக்காரி, வாயாடி, எந்தப் பேச்சையும் படுக்கையறைக்குக் கொண்டுபோய்விடுவாள். ருபியெம் தன் ஆண் மரங்களின் வம்சத்தைப் பற்றி ஆரம்பித்ததும் அவள் குறுக்கிட்டாள்.

"ஆம்பளைப் பூவுக்கு எதுக்கு யூ குலமும் வம்சமும்? அதுக்கு இருக்கிறதே ஒரு காலை வேலை."

யூ என்பது அக்காவுக்கு. ருபியெம் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உன் வீட்டுல அப்படி இருக்கலாம். என் தோட்டத்துல இல்ல. மர்சூடி பூவைப் போட்டு வர்றதுக்குப் பேரு பழமா? அப்பன் யாருன்னு கேட்டுக்கிட்டே திங்கணும். துப்புன கொட்டைக்குப் பொறந்த பூ, அது யாரு துப்புனதோ."

சிரிப்பில் தட்டில் இருந்த தெம்பே என்கிற சோயா வறுவல் கீழே கொட்டியது. அன்று சாயங்காலமே அது மர்சூடியின் காதுக்குப் போனது. அவன் தன் சேவலின் கால் நகத்தைச் சீவிக்கொண்டிருந்தான். சீவி முடித்துவிட்டு அடுத்த காலைப் பிடித்தான் என்றுதான் சொன்னவர்கள் சொன்னார்கள்.

அந்த வருஷ மழையின் தொடக்கத்தில் சுதர்மாஜிக்குச் சுறுசுறுப்பு வந்தது. எப்போதாவது வரும்; வந்தால் சேதம் இல்லாமல் போகாது. தோட்டத்து நிழலுக்கு நின்ற செங்கோன் மரம் பருத்துவிட்டது, சமையற்கட்டுக் கூரைக்கு ஆகும் என்று வெட்டக் கிளம்பினான். கிழக்கே சாயும்படி கயிறு கட்டுங்கள் என்று ருபியெம் சொல்லியிருந்தாள். அவனும் கட்டினான். கயிற்றின் மறுமுனையை எதில் கட்டுவது என்று அவள் சொல்லவில்லையாம். ஒரு உளுத்த அடிக்கட்டையில் கட்டினான். பாதி வெட்டில் கட்டை பிடுங்கிக்கொள்ள, செங்கோன் தன் இஷ்டத்துக்கு வடமேற்கே சாய்ந்தது. சத்தம் கேட்டு ருபியெம் ஓடிவந்தபோது இரண்டு ஆண் மரங்களும் தரையோடு நசுங்கிக் குருத்து முறிந்து கிடந்தன. குருத்து முறிந்தால் அந்த மரம் அவ்வளவுதான்.

சுதர்மாஜி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "நல்லவேளை, வீட்டு மேல விழல."

"விழுந்திருக்கலாம் பாக்னே. நீங்க உள்ள இருக்கிறப்ப."

அவளுக்கு அழ நேரமில்லை. தோட்டத்தில் பெரும்போகத்துப் பாளைகள் திரண்டு நின்றன. வருஷத்தில் நல்ல காய்ப்பு அந்த ஒரு போகம்தான். இன்னும் சில நாளில் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். தாது இல்லாவிட்டால் அத்தனையும் அழுகல். வியாபாரி வருவான், கூடை காலியாக இருந்தால் சும்மா போகமாட்டான். சர்ஜீனா தோட்டத்துப் பழத்தைக் கொட்டி, மேலே ருபியெம் என்ற பட்டையைச் செருகி நகரத்துக்கு அனுப்புவான். பட்டினி கிடந்தாலும் கிடக்கலாம், சர்ஜீனாவின் சூம்பல் சுளை தன் பெயரில் விற்கக் கூடாது.

வண்டுகள் தானாகவே தாதுவைக் கொண்டுவரும் என்று சுதர்மாஜி ஆறுதல் சொன்னான்.

"வண்டு உங்கள மாதிரி. வரும், சுத்தும், திங்கும், போயிடும்."

பிறகு அவனையே மர்சூடி வீட்டுக்கு அனுப்பினாள். முறை அது இல்லை என்று தெரிந்தும் அனுப்பினாள். அவன் போனான், இரண்டு குவளை தேநீர் குடித்தான், கிராம்புச் சுருட்டு பிடித்தான், சேவலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான், வெறுங்கையோடு வந்தான். "குடுக்கமாட்டேன்னு சொல்லல. பூப் போடுற கை வரணும்னு சொன்னான். மரியாதையாத்தான் சொன்னான்" என்றான். மரியாதை என்ற சொல்லை அவன் அவ்வளவு நிம்மதியோடு சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஆற்றுக்கு அப்பால் சுதர்மாஜியின் தங்கை வீட்டில் ஆண் மரம் உண்டு. அங்கே அனுப்பினாள். அவன் பூவை வெட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, வெயிலில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தான். பையைப் பிரித்தால் ஆவி அடித்தது. கதிர்கள் வியர்த்து, தாது ஈர மாவைப்போல் கட்டி தட்டியிருந்தது. கத்தியின் முதுகால் தட்டினாள். ஒரு துகள்கூட உதிரவில்லை. "ஊசிப்போன சோறு" என்று வேலிக்கு வெளியே வீசினாள். நல்லாத்தானே கட்டினேன் என்றான் அவன். நல்லாக் கட்டினதுதான் கேடு என்றாள். தங்கை வீட்டு மரத்தில் அப்போது விரிந்திருந்த பூ அது ஒன்றுதான்.

மறுநாள் விடிந்தபோது கிழக்கு வரிசையில் முதல் பாளை வெடித்திருந்தது. உள்ளே கதிர் சிவந்து, குழல்கள் வாய் திறந்து, மூன்று பிளவுச் சூல்முடிகள் பசையோடு மினுங்கின. அதன்முன் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, மேலாடையை மாற்றிக்கொண்டு, மர்சூடி வீட்டுக்கு நடந்தாள்.

வாசலில் ஏற்கெனவே சர்ஜீனா உட்கார்ந்திருந்தாள். ருபியெமைக் கண்டதும் அவள் தன் பாயில் தாராளமாக இடம் விட்டாள். அந்தத் தாராளமே ஒரு கிண்டல். மர்சூடி உள்ளேயிருந்து வந்தான். ஒல்லி, நாற்பது வயது, முழங்கைவரை முள் கிழித்த தழும்பு. வாங்க யூ என்று கும்பிட்டான். கற்கண்டு போட்ட தேநீரும் மரவள்ளி வறுவலும் வந்தன. மழையைப் பற்றிப் பேசினான். மலையின் புகை இந்த வாரம் தெளிவாகத் தெரிகிறது என்றான். செங்கோன் மரம் விழுந்ததைப் பற்றி, பாவம் அண்ணன் கையில் அடி ஏதும் இல்லையே என்று விசாரித்தான். பூவைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசவில்லை. அவன் பேசவும் கூடாது. கேட்க வந்தவர்தான் கேட்க வேண்டும். ருபியெம் குவளையைக் கீழே வைத்தாள்.

"மர்சூடி தம்பி, பூ வேணும்."

அவனைத் தம்பி என்று அவள் அழைத்தது அதுவே முதல் தடவை. சர்ஜீனாவின் வாயில் வறுவல் மெல்லப்படாமல் நின்றது.

"தர்றேன் யூ. ஆனா என்கிட்ட குலம் தெரிஞ்ச பூ ஒண்ணும் இல்லையே. எல்லாம் துப்புன கொட்டை."

"குலம் கேட்டு வரல. தூள் கேட்டு வந்தேன்."

அவன் கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய் ஒரு பூவை வெட்டிவந்தான். பாளையிலிருந்து தொங்கிய கதிர்கள், ஒரு கைப்பிடி விரல்களைப்போல. வாங்கி வைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போவதுதான் முறை. ருபியெம் கதிரை வெளிச்சத்தில் திருப்பினாள். நகத்தால் ஒரு செதிலை விலக்கி அதன் கக்கத்திலிருந்த இரட்டைப் பூவைப் பார்த்தாள். மகரந்தப்பைகள் சுருங்கிக் காய்ந்திருந்தன.

"இது நேத்தையது. கொட்டித் தீந்துபோச்சு. சக்கைய வெச்சு நான் என்ன பண்றது?"

மர்சூடி இன்னொன்றை வெட்டிவந்தான். அதில் குழல்கள் இன்னும் மூடிக்கிடந்தன. "இதுக்குப் பால் குடி மறக்கல" என்று திருப்பிக் கொடுத்தாள்.

சர்ஜீனாவுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "இவங்க பூ வாங்க வரல மர்சூடி. மாப்பிள்ளை பாக்க வந்திருக்காங்க."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். ருபியெம் சிரிக்கவில்லை. எழுந்து, கத்தியை அவன் கையிலிருந்து வாங்காமல், அவனை முன்னால் நடக்கச் சொல்லித் தோட்டத்துக்குள் போனாள். போகிற வழியெல்லாம் அவளுக்குக் கண் கூசியது. பழைய மட்டைகளை வெட்டவே இல்லை. களை முழங்கால் உயரம். இப்படி ஒரு தோட்டத்தை வைத்துக்கொண்டு ஒருவன் காலையில் சிரிக்கிறான். ஆனால் பூக்கள் இருந்தன. மரத்துக்கு மரம் இருந்தன, தடித்த கதிர்களோடு. ஒன்றின் கீழ் உள்ளங்கையை நீட்டி விரலால் சுண்டினாள். வெளிர்மஞ்சள் தூள் மெல்லிய மாவாக உள்ளங்கை ரேகைகளை மறைத்துப் படிந்தது. அவள் ஆயுளில் பார்த்த நல்ல தாதுகளில் அது ஒன்று.

"நெறைய மட்டும் இருக்கு" என்றாள்.

அவன் வெட்டிக் கொடுத்தான்.

அன்றைக்கு அவள் செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. வெறுப்பு வேறு, வேலை வேறு. கதிரை ஒல்லி மூங்கில் குச்சியின் நுனியில் கட்டி, முள் மட்டைகளுக்கு நடுவே நுழைத்து, பெண்பூவுக்கு நேர் மேலே பிடித்துக் கத்தியின் முதுகால் தட்டினாள். சிவப்பின்மேல் மஞ்சள் தூவியது. குச்சியைத் திருப்பி மறுபக்கம் தட்டினாள். கதிரில் ஒரு விரலைப் பிய்த்துப் பெண்கதிர்களுக்கிடையே செருகினாள். மழைத்தண்ணீர் இறங்காதபடி காய்ந்த வாழை மடலை மடித்துத் தொப்பியாக்கி ஈர்க்கால் குத்தினாள். ஊரார் இதற்கு வெட்டிய பிளாஸ்டிக் புட்டிகளைக் கவிழ்க்கிறார்கள். பூ வியர்த்துச் சாகும். சொன்னால் புரியாது.

பாளைகள் ஒரே நாளில் வெடிப்பதில்லை. அதனால் அந்தப் போகம் முடியும்வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் அவள் மர்சூடி வாசலுக்குப் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் தேநீர் குடித்தாள், ஒவ்வொரு முறையும் கேட்டாள், ஒவ்வொரு முறையும் ஒரு பூவையாவது திருப்பிக் கொடுத்தாள். தம்பி என்ற சொல் நாலாவது தடவையோடு நின்றுபோயிற்று. இப்படிக் கேட்க வேண்டிவந்ததற்குப் பழிவாங்குவதுபோல ஊரெல்லாம் சொல்லிவைத்தாள்: இந்தப் போகம் சும்மா பேருக்கு, மரம் வெறும் மரமாக நிற்கக் கூடாதே என்று போட்டது, பழம் வரும், ருசி வராது. சீட்டுக் கூட்டத்தில் சொன்னாள். கிணற்றடியில் சொன்னாள். வியாபாரியைக் கூப்பிட்டு, இந்தத் தடவை என் பெயரை எழுதாதே, மற்றவர்களின் பழத்தோடு கலந்துகொள் என்றே சொல்லிவிட்டாள். தானே தன் பழத்தைத் தாழ்த்திச் சொல்வது அவளுக்கு வலித்தது. ஆனால் மர்சூடியின் பூவைத் தாழ்த்த அவளுக்கு வேறு வழி இல்லை.

பழம் முற்ற ஐந்தாறு மாதம் ஆனது. முதல் குலையை வெட்டுமுன் அவள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத் தோட்டத்தின் நடுவே உட்கார்ந்தாள். ஒரு பழத்தின் கூர்முனையைக் கிள்ளித் தோலை உரித்தாள். மூன்று சுளை, மூன்றும் ஒரே பருமன். மேலிருக்கிற மெல்லிய சவ்வை நீக்கிவிட்டு வாயில் போட்டாள். மொறுமொறுவென்று கடிபட்டது. இனித்தது. இந்த ஒரு மரம் மட்டும் புளிப்புக்குத் தப்பியிருக்கலாம் என்று அடுத்த வரிசைக்குப் போனாள். அதுவும் இனித்தது. மேட்டு மரம், பள்ளத்து மரம், எப்போதும் கொஞ்சம் துவர்க்கிற வேலியோரத்து மரம். அதுவும் வழக்கமான துவர்ப்புக்கு ஒரு இழைகூட அதிகம் இல்லை. வயிறு நிறைந்ததே ஒழியப் புளிப்பு அகப்படவில்லை.

கையிலிருந்த கடைசிச் சுளையை அவள் கத்தியால் பிளந்தாள். நடுவில் பழுப்புக் கொட்டை, சுற்றிலும் வெள்ளைச் சதை. பூவை ஊசியால் பிரித்த நாட்களில் சூல்பைக்குள் சூலை அவள் பார்த்திருக்கிறாள். சூலைச் சுற்றி ஒரு உறை உண்டு. அந்த உறைதான் தடித்துச் சதையாகிறது. உறை தாயின் உடம்பு. தாது விழுமுன்பே அது அங்கே இருக்கிறது. தகப்பன் வருவது கொட்டைக்குள் இருக்கிற முளைக்கு மட்டும். கொட்டையை யாரும் தின்பதில்லை, துப்பிவிடுகிறார்கள்.

இது புதிதாக அவள் கண்டுபிடித்தது இல்லை. எல்லாமே முன்பே பார்த்ததுதான். பார்த்ததைச் சேர்த்துவைத்து யோசிக்கத்தான் அவளுக்குத் தேவை வரவில்லை. அப்பாவின் இரண்டு மரங்களுக்கும் இந்த இனிப்புக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றால், இத்தனை வருஷமாகத் தோட்டத்தின் மூலையைக் கைகாட்டிய தன்னைவிடப் பெரிய முட்டாள் ஊரில் யார் என்று ஒரு கேள்வி வந்தது. எழுந்து, உரித்த தோல்களைக் காலால் மண்ணுக்குள் மிதித்தாள். எப்படி இருக்கிறது பழம் என்று வீட்டில் சுதர்மாஜி கேட்டான். ஏதோ இருக்கிறது என்றாள்.

முதல் குலையைக் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. மட்டமான ஒரு குலையை வெட்டிக்கொண்டு போனால் தான் சொன்னது உண்மையாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. அப்படி ஒரு குலையைத் தேடியும் பார்த்தாள். சின்னதாக ஒன்று இருந்தது. அதன்மேல் கத்தியை வைத்தாள். வெட்டக் கை வரவில்லை. ருபியெம் கொண்டுபோய் வைத்த குலை என்று நாளைக்கு நாலு பேர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களே. கடைசியில் இருப்பதிலேயே பெரிய குலையை வெட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

மர்சூடி வாசலில் அன்றைக்கு ஐந்தாறு பேர் இருந்தார்கள். அடுத்த பூவுக்குக் கேட்க வந்தவர்கள், கூட்டம் இருப்பதால் வந்தவர்கள். சர்ஜீனா இல்லாமல் இருப்பாளா, இருந்தாள். ருபியெம் குலையை வைத்தாள். மர்சூடி ஒரு பழத்தைப் பிடுங்கி, நிதானமாக உரித்து, ஒரு சுளையை வாயில் போட்டு மென்றான். இன்னும் மென்றான். முகத்தைச் சற்றுச் சாய்த்துக்கொண்டான்.

"நல்லா இருக்கு யூ. லேசாப் புளிக்குது. நீங்கதான் முன்னாடியே சொல்லிட்டீங்களே."

யாரோ அனுதாபத்தோடு உச்சுக்கொட்டினார்கள். சர்ஜீனா, மர்சூடி பூ அவ்வளவுதான் என்பதுபோலக் கையை விரித்தாள். எல்லோரும் ருபியெம் சொல்லி ஓய்ந்ததையே திருப்பிச் சொன்னார்கள். அவள் தலையாட்டிவிட்டு எழுந்து வந்திருந்தால் போதும். எழவும் செய்தாள். எழுந்தவள் குனிந்து அதே பழத்தின் இரண்டாவது சுளையை அவன் கையிலிருந்து பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

"இதுவா புளிக்குது? உன் நாக்குல சுருட்டுக் கரி அப்பிக் கெடக்கு, முதல்ல அதக் கழுவு. என் தோட்டத்துல புளிப்புன்னு ஒண்ணு எந்த வருஷமும் வந்ததில்ல. இந்த வருஷமும் வரல."

"அப்ப இனிக்குதுன்னு சொல்றீங்களா?"

கேட்டவன் முகத்தில் ஒன்றும் இல்லை. உண்மையிலேயே புளித்ததா, சுருட்டுப் பிடித்த நாக்கா, வேண்டுமென்றே சொன்னானா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ருபியெம் வாயிலிருந்த கொட்டையைத் துப்பினாள். சுற்றி இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இனிக்குது" என்றாள். "எப்பவும் போல."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மர்சூடி மூன்றாவது சுளையை எடுத்துக்கொண்டான்.

அன்று மாலை வியாபாரியின் வண்டி வந்து நின்றது. அவள் பழத்தை மற்றவர்களுடையதோடு கொட்டப்போனவனை நிறுத்தித் தனிக் கூடை கட்டச் சொன்னாள். இந்தத் தடவை பெயர் வேண்டாம் என்றீர்களே என்று அவன் இழுத்தான். கண்டவன் பேச்சை நம்பிக் கலந்துவிட்டுப் போகத்தான் உனக்கு வியாபாரமா, தின்று பார்க்கத் தெரியாதா என்று ருபியெம் அவனை ஒரு பாட்டம் திட்டினாள். அவன் மூங்கில் பட்டையைத் தேடி எடுத்தான். எழுத்து கோணாமல் எழுது என்று பக்கத்திலேயே நின்றாள்.